பேஸ் கிடார் பேச்சிராஜும் காது படுத்திய பாடும்

பேச்சிராஜ் கிடார் வாசிக்கிறவன் என்று ஒரகடம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். என்ன வாசிக்கிறான் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் மேடைக்கு வருவார்கள். சுகப்பிரியாவிடம் "பாட்டு சூப்பர்க்கா" என்பார்கள். ரிதம் பேடில் தாளம் தட்டுகிற வசந்தகுமாருக்குக் கை கொடுத்து "பின்னிட்டீங்க" என்பார்கள். பேச்சிராஜிடம் வந்து, "அண்ணே, இந்த ஸ்டூல எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். அவனும் எழுந்து கொடுத்துவிடுவான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பேஸ் கிடாரின் தலையெழுத்து அது. நாலே நாலு தடித்த கம்பி, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு 'தும் தும்'. பாட்டுக்குக் கீழே கிடந்து பாட்டைத் தாங்கும். தாங்குகிறவனை எந்த ஊரில் கவனித்திருக்கிறார்கள்?

அந்தக் கிடார் அவனிடம் வந்ததே ஒரு கூத்து. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரன் அவன். ஐடிஐ முடித்து, ஒரகடத்தில் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் சேர்ந்தான். மண்ணூரில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த மாடி ரூமில் குடியேறினான். அவனுக்கு முன் அங்கே இருந்தவன் துபாய்க்குக் கிளம்பும் அவசரத்தில் பரணில் ஒரு கிடாரைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பேச்சிராஜ் அதைத் தூசி தட்டி எடுத்து, பஸ் ஏறி சென்னைக்குப் போய், ஒரு வாத்தியக் கடையில் நீட்டினான். "ரெண்டு கம்பி அந்துபோச்சு சார், மாட்டித் தாங்க" என்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதற்கு மொத்தமே நாலு கம்பிதான் என்று சொல்லி அனுப்பினார். வருகிற வழியெல்லாம் பேச்சிராஜுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் ரோஷக்காரன். அந்த நாலு கம்பியையே வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

இரண்டு வருஷத்தில் முனிரத்தினத்தின் 'ஏழிசைத் தோரணம்' குழுவில் இடம் கிடைத்தது. முனிரத்தினம் படப்பைக்காரர், ஐம்பது வயது, அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். குழுவில் கீபோர்டு அவர், முதலாளி அவர், வேனுக்கு டீசல் போடுகிறவரும் அவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சிராஜ் தான் ஒரு பிரஸ் ஆபரேட்டர் என்பதையே மறந்திருந்தான் என்றால் அதற்கு அந்தக் குழுதான் காரணம். வாரத்தில் ஆறு நாளும் தகடு அடித்தவன் ஏழாம் நாள் மனுஷனாக இருந்தான்.

அதற்குத்தான் வந்தது வேட்டு.

மண்ணூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சின்ன மேடை. வலது பக்கம் ரிதம் பேட், இடது பக்கம் ஆளுயர ஸ்பீக்கர், நடுவில் பேச்சிராஜ். தன் கிடார் சத்தம் தனக்குக் கேட்கவில்லை. கை பழகிய தடத்தில் போகும் என்று நம்பி வாசித்தான். கை போனது, ஆனால் ஒரு கட்டம் தள்ளிப் போனது. ஒரு முழுப் பாட்டும் அரைச் சுருதி ஏறிப்போய் வாசித்துவிட்டு, கடைசியில் தலையை வேறு ஆட்டிக்கொண்டான். பந்தியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ சரியில்லையே என்று சிலர் மட்டும் ரசத்தை மோந்து பார்த்தார்கள். முனிரத்தினத்துக்குத் தெரிந்தது.

"இன்னாபா பேச்சி, பாட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற?"

"கேக்கல மாஸ்டர். எங் கிடார் எனக்கே கேக்க மாட்டேங்கு."

"கேக்கலன்னா இன்னாத்துக்கு வாசிக்கிற? தோ பாரு, என் கீபோர்டுல லெஃப்ட் ஹேண்ட் சும்மாதான் கீது. பேஸ் நானே பாத்துப்பேன். ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனில புரோகிராம் கீதுல்ல, அது வரைக்கும் டைம். அதுலயும் சொதப்புன, அப்புறம் நீ கீழ உக்காந்து கேட்டுக்கினு இரு."

இடது கையால் தன் பிழைப்பையே துடைத்துவிடப் பார்க்கிறாரே என்று பேச்சிராஜ் பொருமினான். அன்றைக்கு அவன் பந்தியில் உட்காரவே இல்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மேடையில் நிற்கிறவன் தன் சத்தத்தைத் தன் காதிலேயே கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஹெட்ஃபோன் வேண்டும். இதுவரைக்கும் சங்கதி எளிது. எது வாங்குவது என்று வீடியோக்களைத் திறந்தபோதுதான் விபரீதம் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்த முகத்தோடு, "ஏழைக் கலைஞனுக்கு ஏற்றது" என்று ஒன்றைக் காட்டினான். அதன் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பேச்சிராஜின் கிடார், ஆம்ப்ளிஃபயர் பெட்டி, பீரோ மூன்றும் அதற்குள் அடங்கின. இந்த ஊர் ஏழை வேறு, அந்த ஊர் ஏழை வேறு என்று விளங்கியது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ரூமிலேயே மாரிமுத்து இருந்தான். அவனும் தெற்கத்திக்காரன். அதே பிரஸ் ஷாப், அதே லைன், பேச்சிராஜுக்குப் பக்கத்து மெஷின்.

"ஏல, கழுத்துல மாட்டுத புளூடூத் ஒண்ணு வாங்கு. வயரே கெடையாது. மேடையில நின்னு ஆடலாம்."

"நான் எங்கல ஆடுதேன்?"

"வயர் இல்லன்னா ஆடுவ."

வாங்கினான். படப்பையில் முனிரத்தினம் வீட்டு மொட்டை மாடியில் ரிகர்சல். நல்ல குத்துப்பாட்டு. காதில் எல்லாம் கணீரென்று கேட்டது. ஒரே ஒரு குறை, புளூடூத் வழியாக வந்த சத்தம் கண் இமைக்கிற நேரம் பிந்தி வந்தது. பேச்சிராஜ் அந்தப் பிந்திய தாளத்தைக் கேட்டு, அதற்குச் சரியாகப் பிந்தி வாசித்தான். வசந்தகுமார் இளகிய மனசுக்காரன். பாவம், நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், களைப்பு போல என்று அவனுக்காகத் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தான். அது இன்னும் பிந்தி இவன் காதுக்கு வந்தது. இவன் இன்னும் இழுத்தான். குத்துப்பாட்டாகக் கிளம்பியது முதல் சரணத்தில் தாலாட்டாகி, இரண்டாம் சரணத்தில் படுத்தேவிட்டது. சுகப்பிரியா மைக்கைக் கீழே வைத்தாள்.

"மாஸ்டர், ஒரு வரிக்கு இவ்ளோ நேரம் மூச்சு புடிக்க முடியாது. எனக்குக் கண்ண இருட்டிக்கினு வருது."

"பாட்டு பாடினுகிறமா, பொணம் தூக்கினு போறமா?" என்றார் முனிரத்தினம்.

கழுத்துப் பட்டை பாதி விலைக்குக் கைமாறியது. வாங்கிக்கொண்டது மாரிமுத்து. அவனே அடுத்த யோசனையையும் சொன்னான். ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு கடையில் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் இருக்கிறதாம், டப்பாவின் மேலேயே 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருக்கிறதாம். பேஸ் வாசிக்கிறவனுக்கு எக்ஸ்ட்ரா பேஸ் கசக்குமா? இதையும் வாங்கினான்.

அந்த ஹெட்ஃபோனில் பல்லி கத்தினாலும் எருமை கத்துகிற மாதிரிதான் கேட்டது. பேச்சிராஜ் ஒரு கம்பியைத் தொட்டதும் மண்டைக்குள் லாரி ஏறியது. ஐயையோ, ரொம்ப சத்தமாக வாசிக்கிறோமே, மாஸ்டர் திட்டுவாரே என்று பெட்டியின் வால்யூமைக் குறைத்தான். பிறகும் அதிகமாகப் பட்டது. விரலைப் பூப்போல வைத்தான். பாட்டு முடிந்ததும், இன்றைக்கு அசத்திவிட்டோம் என்று நிமிர்ந்தான்.

"வாசிச்சியா, இல்ல தடவிக் குடுத்துக்கினு இருந்தியா?" என்றார் முனிரத்தினம். வெளியே ஒரு பொட்டுச் சத்தம்கூட வந்திருக்கவில்லை.

பெரிய ஹெட்ஃபோனும் பாதி விலையில் மாரிமுத்துவிடமே போய்ச் சேர்ந்தது. இந்த யோசனைகளெல்லாம் எந்த நோக்கத்தில் வருகின்றன என்று பேச்சிராஜுக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது. வெள்ளந்தி. இன்னொருவனாக இருந்தால் முதல் தடவையே பிடித்திருப்பான்.

மூன்றாம் தடவை யாரையும் கேட்காமல் ஒரகடம் ஜங்ஷனில் ஒரு செல்போன் கடைக்குப் போனான். கவுன்டரில் கவியா என்று ஒரு பெண். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வியை அவள்தான் முதலில் கேட்டாள்.

"எதுக்குண்ணா? பாட்டு கேக்கவா, வாசிக்கவா?"

"வாசிக்க. பேஸ் கிடாரு."

"அப்ப புளூடூத் வேணாம், லேட்டா வரும். வயர் வச்சதுதான் கரெக்டு. இது எடுத்துக்கோங்க, நானூத்தம்பது. ரப்பர் வச்சிக்கீது, காதுக்குள்ள உக்காந்துக்கும். இது எதையும் ஏத்தியும் காட்டாது, எறக்கியும் காட்டாது. நீங்க இன்னா வாசிக்கிறீங்களோ அதான் கேக்கும்."

"அது கொஞ்சம் பயமால்லா இருக்கு" என்றான் பேச்சிராஜ். ஆனாலும் வாங்கினான்.

நல்ல சரக்கு. ரூமில் வாசித்தபோது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. ஆனால் ரிகர்சலில் பக்கத்தில் வசந்தகுமார் பேடை அறைய ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் ரப்பரைத் தாண்டி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. முனிரத்தினம் ஒன்றும் திட்டவில்லை. தன் இடது கையைக் கீபோர்டில் வைத்து நாலு சுரம் வாசித்துப் பார்த்துக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு நாலு நாள்தான் மிச்சம்.

மறுநாள் காலை ஷிஃப்ட். பேச்சிராஜ் லைனுக்குள் நுழைகிறபோது எப்போதும் போல இயர் மஃபை எடுத்துக் காதில் கவிழ்த்தான். காதுக்கு இரண்டு கிண்ணம் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு வளையம். பிரஸ் ஷாப்பில் அது இல்லாமல் நிற்க முடியாது. கவிழ்த்ததும் அறுநூறு டன் பிரஸ் பஞ்சு மூட்டை விழுகிற மாதிரி அடங்கியது. எச்சில் விழுங்கியது காதில் கேட்டது. தினமும் நடக்கிற காரியம். அன்றைக்குத்தான் அவன் அப்படியே நின்றான். அறுநூறு டன்னை அடக்குகிற சாமானுக்கு வசந்தகுமார் எம்மாத்திரம்?

கம்பெனிச் சாமானைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். ஆனால் ஒரகடம் ரோட்டில் ஷூ, கிளவுஸ், ஹெல்மெட் விற்கிற சேஃப்டி கடைகளுக்குக் குறைவா? சாயங்காலம் ஒரு மஞ்சள் இயர் மஃப் வாங்கி வந்தான். காதுக்குள் கவியா கொடுத்த இயர்போன், அதன் மேல் மஃப். பெட்டியில் வயரைச் செருகி வாசித்தான்.

குக்கர் ஐந்து விசில் அடித்தது, தெரியாது. தண்ணீர் மோட்டாரை யார் ஓடவிட்டது என்று ஹவுஸ் ஓனர் சுந்தராம்பாள் கதவைத் தட்டோ தட்டென்று தட்டிவிட்டுப் போனார், தெரியாது. மூன்று வருஷமாக வாசித்தவன் அன்றைக்குத்தான் தன் வாசிப்பைத் தானே முழுசாகக் கேட்டான். நன்றாகவே வாசிக்கிறோம் என்று பட்டது. அதுவரைக்கும் அவனுக்கு அது தெரியாது, யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆயுத பூஜை அன்று மேடைக்கு அதை மாட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாபா, புரோகிராமுக்கு வந்தியா, டூட்டிக்கு வந்தியா?"

"இது இருந்தாத்தான் மாஸ்டர் எனக்குக் கேக்கும்."

"இன்னா எழவோ. இன்னிக்கு ஒரு நாள்தான், மாட்டிக்கினு போ."

காலை பதினொரு மணி. பிரஸ்ஸுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வெல்டிங் ரோபோவுக்கு மாலை போட்டிருந்தார்கள், அது கையைத் தூக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. கேன்டீனுக்கு முன்னால் மேடை. எதிரே இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மைக் செட்காரர், பேஸும் தாளமும் மட்டும் பேச்சிராஜ் காதுக்கு வருகிற மாதிரி தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார்.

மூன்று பாட்டு ஜம்மென்று போயின. ஒரு சுரம் பிசகவில்லை. முனிரத்தினம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பிப் பார்த்துத் திட்டாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

நாலாவது பாட்டின் நடுவில் பிளான்ட் ஹெட் சுப்பராயன் வந்துவிட்டார். பன்னிரண்டரைக்கு வர வேண்டியவர். நல்ல மனுஷர், தங்கமானவர், ஆனால் மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடமாட்டார். போன வருஷம் அவர் பேசி முடிப்பதற்குள் பிரியாணி ஆறி, வடை ரப்பராகிவிட்டது. எச்ஆர் ஆள் மேடையைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார். சுகப்பிரியா நிறுத்தினாள். முனிரத்தினம் நிறுத்தினார். வசந்தகுமார் மரியாதைக்கு எழுந்து நின்றான். எழுந்த வேகத்தில் பேடில் தானாக ஓடுகிற தாளத்தை அணைக்க மறந்துவிட்டான். மைக் செட்காரர் வெளியே போகிற சத்தத்தையெல்லாம் இறக்கினார். பேச்சிராஜ் காதுக்குப் போகிற வயரை அவர் தொடவில்லை. அவன் கிடார் சத்தம் வந்ததோ மேடையிலேயே இருந்த அவன் பெட்டியிலிருந்து.

ஆகவே பேச்சிராஜுக்குத் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அவனும் குனிந்து விரலைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும்..." என்றார் சுப்பராயன். தும் தும்.

"ஆயுத பூஜை..." தும் தும்.

"நல்வாழ்த்துகள்!" தும்-த-தும்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தாளத்துக்குத்தான் தட்டினார்கள். சுப்பராயன் தன் பேச்சுக்கு என்று நினைத்துக்கொண்டார். அவர் பேச்சுக்கு அதுவரை நடுவில் கைதட்டல் விழுந்ததே இல்லை. உற்சாகமாகிவிட்டார். "இந்த வருஷம்" தும் தும் "உற்பத்தியில்" தும் தும் "ஒரு விபத்துகூட" தும் தும் "நடக்கவில்லை!" கேன்டீன் தகரமே அதிர்கிற மாதிரி தட்டினார்கள்.

"டேய் பேச்சி! நிறுத்துடா!" என்று பல்லைக் கடித்தார் முனிரத்தினம். கையை ஆட்டினார். பூஜை எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து எறிந்தார். அது மஃபில் பட்டுத் தெறித்தது. பேச்சிராஜ் அசையவில்லை. சுகப்பிரியா நைசாக நகர்ந்து போய் அவன் இயர்போன் வயரைப் பிடுங்கினாள். காதில் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை. அவன் மெஷின்காரனாக யோசித்தான், சத்தம் குறைந்துவிட்டது என்று பெட்டியின் வால்யூமை நன்றாகத் திருகி ஏற்றினான். தும் தும் இப்போது கேட் வரைக்கும் கேட்டது.

அவன் ஏன் நிமிரவில்லை என்பது எதிரே இருந்த பிரஸ் ஷாப் ஆட்களுக்குத் தெரியும். மஃப் போட்டிருக்கிறவனைக் கூப்பிட முடியாது. மெஷினில் கை இருக்கும்போது பராக்குப் பார்க்கவும் கூடாது. யார் கத்தினாலும், எது பறந்து வந்தாலும் கண் கையில்தான் இருக்க வேண்டும். நிறுத்த வேண்டுமானால் பின்னால் வந்து இடது தோளில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டியதும் அவன் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்து, நாலு வருஷமாக உடம்பில் ஊறிய பழக்கம். ஸ்டோர்ஸில் இருக்கிற முனிரத்தினத்துக்கு இது எங்கே தெரியும்? தெரிந்த முப்பது பேரும் ஒருத்தன்கூட எழுந்திருக்காமல் பொரியை மென்று தின்றுகொண்டு கை தட்டினார்கள்.

கடைசியில் மாரிமுத்துவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மேடை ஏறிப் போய் இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டினான்.

பேச்சிராஜின் இரண்டு கையும் வானத்தைப் பார்த்து எழுந்தன. தும் தும் நின்றது.

"அடுத்த வருஷம் நாம்..." என்று சுப்பராயன் ஆரம்பித்தார். ஒரு நொடி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "அடுத்த வருஷம்..." என்று மறுபடி சொன்னார். கால் வைத்த படி காணாமல் போன மாதிரி தடுமாறினார். அறுநூறு பேரும் தட்டுவதற்குத் தூக்கிய கையோடு முழித்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒரு "ச்சே" கிளம்பியது. ஏதோ ஒன்று இல்லை என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டது.

சுப்பராயன் திரும்பினார். கையைத் தூக்கிக்கொண்டு கைதி மாதிரி நின்ற பேச்சிராஜைப் பார்த்தார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? வாசிங்க."

பேச்சிராஜுக்கு அது கேட்கவில்லை. அவன் பார்த்தது நின்றுபோன குழுவையும், மைக்கில் பெரிய ஆபீசரையும், காலடியில் கிடந்த எலுமிச்சம்பழத்தையும்தான். நடந்தது அரைகுறையாகப் புரிந்தது, தன் கதை முடிந்தது என்பது முழுசாகப் புரிந்தது. யாரையும் பார்க்காமல் குனிந்து, கிடாரிலிருந்து பெட்டிக்குப் போகிற வயரைக் கழற்றினான். சுகப்பிரியா பிடுங்கிப் போட்டிருந்த இயர்போன் வயரையும் எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

கீபோர்டுக்குப் பின்னால் இருந்து முனிரத்தினம் எழுந்து வந்தார். அவன் கையிலிருந்து இரண்டு வயரையும் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துளையைத் தேடி, முதலில் கிடாரில் ஒன்றைச் செருகினார். பிறகு இயர்போனைச் செருகினார். ஏதோ சொன்னார். மஃபுக்குள் அது கேட்கவில்லை. திட்டாகத்தான் இருக்கும், உதட்டு அசைவு அப்படித்தான் இருந்தது. சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, அவன் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்.